விழுந்துட்டான்

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் திங்கட்கிழமை காலை வகுப்பாசிரியரின் மேசைக்கு வரும் கடிதங்களில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். அம்மா சொல்ல அக்கா எழுதியது: ‘மகன் விழுந்து கையில் அடிபட்டதால் பாடசாலைக்கு வரவில்லை.’ நேரில் கேட்டால் அது ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். “விழுந்துட்டான் டீச்சர்.”

அந்தச் சொல்லில் பையன் மட்டும்தான் இருக்கிறான். மழையில் பாசி பிடித்த கல்படி அதில் இல்லை. அடி தேய்ந்த செருப்பு இல்லை. வெறும் தேத்தண்ணியோடு காலையில் கிளம்பிய வயிறு இல்லை. பையன் விழுந்தான், கதை முடிந்தது. அடுத்த காம்பிராவில் “சேட்டை கூடிப்போச்சு” என்பார்கள். பாட்டி “அவனுக்கு நேரம் சரியில்ல” என்பாள். காயங்களை ஆராயும் மருத்துவத் துறையினர் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை, அந்த வசனத்தில் விடுபட்டுப்போன சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதுதான்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2008இல் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தற்செயல் காயங்களால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் பிள்ளைகள் இறக்கிறார்கள் என்றது அது. அவர்களில் 100க்கு 95 பேர் வறிய, நடுத்தர வருமான நாடுகளின் பிள்ளைகள். ‘தற்செயல்’ என்று நாம் சொல்வது உண்மையிலேயே குருட்டுத்தனமாக நடப்பதென்றால், அது இப்படி நாடு பார்த்து, வீடு பார்த்து வராது. இறப்பு இதில் ஒரு நுனி மட்டுமே. ஒவ்வொரு மரணத்துக்கும் கீழே வைத்தியசாலையில் படுத்தவர்களின் கூட்டம் உண்டு. அதற்கும் கீழே, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டிலேயே கிடந்தவர்களின் பெருங்கூட்டம். பாடசாலை மாணவரின் உடல்நலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தும் கணக்கெடுப்பு இலங்கையில் 2008இலும் 2016இலும் நடந்தது. ஒரு முழு நாளாவது பாடசாலையையோ விளையாட்டையோ வேலையையோ விடச்செய்த காயம், அல்லது டொக்டரிடமோ தாதியிடமோ போகவைத்த காயம், அதில் ‘கடுமையான காயம்’ என்று கொள்ளப்படுகிறது. அந்தத் திங்கட்கிழமைக் கடிதங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும்.

முதலில் தரையைப் பார்ப்போம். தோட்டத்தில் சமதரை என்று சொல்ல பெரட்டுக்களமும் கோயில் வாசலும் பெக்டரி முற்றமும்தான் உண்டு. மற்றதெல்லாம் சரிவு. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே கல்கட்டு. பீலிக்குப் போகவும் படி, பாடசாலைக்கு இறங்கவும் படி. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் நிலம். பத்தடிக் கல்கட்டிலிருந்து விழும் பிள்ளை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர். மூன்றடி உயரத்தில் அது 15க்குச் சற்று மேல். வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் 28 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பிள்ளையை மோதினால் ஊரே கூடும். அதே வேகத்தில் தரை மோதினால் “விழுந்துட்டான்” என்கிறோம்.

வேகம் மட்டும் எலும்பை முறிப்பதில்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நின்றுபோகிறது என்பதுதான் பெரிய கேள்வி. இதைக் கண்டு சொன்னவர்களில் ஹியூ டி ஹேவன் முக்கியமானவர். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சியில் மோதி விழுந்து உயிர்பிழைத்தவர். தான் ஏன் சாகவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த மனிதர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து 1942இல் எழுதினார். உழுத மண்ணிலோ கூரைத் தகரத்திலோ விழுந்தவர்கள் உயிரோடு எழுந்திருந்தார்கள். மண்ணும் தகரமும் சில அங்குலங்கள் விட்டுக்கொடுத்து உடலை மெல்ல நிறுத்தியதே காரணம். காரில் இருக்கைப் பட்டியும், முன்பலகை மிருதுவாக்கப்பட்டதும் இந்தச் சிந்தனையின் வழியில் வந்தவைதான். நம் லயத்து வாசலுக்கு இதன் பொருள் எளியது. கல்கட்டின் அடியில் சீமெந்து வாய்க்கால் ஓடுவதும் புல் வளர்ந்திருப்பதும் ஒன்றல்ல. கல்கட்டின் மேல் இடுப்புயரத்தில் ஒரு மூங்கில் தடுப்பு இருந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

அடுத்து எலும்பு. பதின்வயதில் பிள்ளை ஒரே வருடத்தில் ‘சட்டென்று வளர்ந்துட்டான்’ என்று வியக்கிறோம். பெண் பிள்ளைகள் பொதுவாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14ஐ ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் கல்சியம் சேர்வதில்லை. அது சில மாதங்கள் பிந்தியே வந்துசேர்கிறது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் எலும்பு நீண்டிருக்கும், ஆனால் உள்ளே கட்டு இறுகியிருக்காது. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்கு மேலே முறியும் முறிவு இந்த வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது. இது உலகெங்கும் உள்ள பிள்ளைகளுக்குப் பொது. ஆனால் இன்னொரு தகவலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேகமாக வளரும் அந்த உச்சத்தை ஒட்டிய இரண்டு வருடங்களில், வளர்ந்த மனிதரின் எலும்பிலுள்ள தாதுப்பொருளில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. அந்த இரண்டு வருடம் தட்டில் என்ன இருந்தது? நெத்தலி இருந்ததா, கீரை இருந்ததா, ஒரு குவளை பாலாவது இருந்ததா? ரொட்டியும் தேத்தண்ணியுமாகவே ஓடிப்போனதா?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு ஏறக்குறைய 32 பேர். அன்று நான்கு வயதாக இருந்த அந்தப் பிள்ளைகள் இன்று பதின்வயதில், நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடசாலையில் வழங்கும் மதிய உணவோ, மிகச் சிறிய பாடசாலைகளைத் தவிர, ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. எலும்புக்கு மிகவும் வேண்டிய வயதில் தட்டை எடுத்துவிடுகிறோம். இதை நான் பெரிய தவறென்றே நினைக்கிறேன்.

இனி மூளை. “சொன்னாக் கேக்கிறதில்ல” என்று எல்லாத் தாய்மாரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. வருவதை முன்கூட்டி எண்ணிப் பார்த்துக் கைகாலைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பதின்வயதினரும் பெரியவர்களும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். தனியே ஆடியபோது இரு சாராருக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் ஆபத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். பெரியவர்கள் பெரிதாக மாறவில்லை. பாலத்தில் தொங்குவதும், ஓடுகிற பஸ்ஸில் மிதிபலகையில் ஏறுவதும், தெமோதரைப் பக்கம் ரயில் பாதையில் நடந்து படமெடுப்பதும் கூட்டாகவே நடப்பது இதனால்தான். ஆனால் மூளை கொழும்பிலும் இப்படித்தான் இருக்கிறது. கொழும்பில் அதே துணிச்சல் மைதானத்துப் புல்லில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழும். இங்கே அது பள்ளத்தில் விழுகிறது. வயதை மாற்ற நம்மால் முடியாது. பள்ளத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒன்றை வைக்க முடியும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள், ஏனென்றால் எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விடுகிறது. மலையில் கொழுந்தெடுக்கும் தாய் கடைசி நிறுவை முடிந்து வீடு வர நாலரை, ஐந்து. கைக்குழந்தைக்குப் பிள்ளைமடுவம் உண்டு. பதின்மூன்று வயதுக்கு என்ன உண்டு? அந்த மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்க்க யாருமில்லை. அதுவே தம்பி தங்கையைப் பார்க்கிற ஆளாகிவிடுகிறது. பெண் பிள்ளை அடுப்பு மூட்டுகிறாள். குளிருக்கு வென்னீர் காய்ச்சி இறக்குகிறாள். ஆண் பிள்ளை விறகுக்குப் போகிறான், பலா மரத்தில் ஏறுகிறான், கவ்வாத்துக் கத்தியை எடுத்து எதையாவது வெட்டுகிறான். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலையில் இருந்தால், தகப்பன் கொழும்பில் கடையில் நின்றால், இந்த மூன்று மணி நேரம் முழு நாளாகிறது. பாட்டி இருப்பாள். அவள் பார்வைக்கு எட்டுவது இஸ்தோப்பு வரைதான்.

பல நாடுகளின் மாணவர் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அடிக்கடி காயப்படும் பிள்ளைகளிடம் வேறு சில விடயங்களும் சேர்ந்தே வருவதைக் கண்டார்கள்: வீட்டில் சாப்பாடு இல்லாமல் பசியோடு இருந்தது, சக மாணவர் கொடுமைப்படுத்தியது, தனிமை, கவலையில் தூக்கம் வராதது, வகுப்புக்கு மட்டம் போட்டது, புகை, மது. சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகிவிடாது. பசிதான் பையனைத் தள்ளிவிட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் வழி விளங்காமல் இல்லை. இரவு லயத்தில் சண்டை, தகப்பன் குடித்திருக்கிறார், பிள்ளை தூங்கவில்லை. காலையில் சாப்பிடவில்லை. வழியில் நின்று கேலி பேசும் பெரிய பையன்களுக்குப் பயந்து தார்ரோட்டை விட்டுக் குறுக்குப்பாதையில் இறங்குகிறான். அந்தப் பாதையில் கால் வழுக்கினால், கடிதத்தில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். கேலியை நிறுத்துவது ஒழுக்கப் பாடம் மட்டும் இல்லை, எலும்பைக் காக்கும் வேலையும் அதுதான்.

குளவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. தோட்டத்தில் குளவி என்று சொல்வதில் பெரும்பாலும் மலைத்தேனீயும் அடங்கும். உயர்ந்த மரக்கிளையிலும் பாறைமுகட்டிலும் அகலமான ஒற்றை அடையாகத் தொங்கும். ஒரு தேனீ கொட்டும்போது கொடுக்கோடு ஒரு வாசனையையும் விட்டுச்செல்கிறது. அது மற்றத் தேனீக்களுக்கு ‘இங்கே வா’ என்ற அழைப்பு. அடிக்க அடிக்க வாசனை கூடும், கூட்டமும் கூடும். நின்று அடித்துக்கொண்டிருக்காமல், முகத்தைப் போர்த்துக்கொண்டு வெகுதூரம் ஓடி மூடிய அறைக்குள் புக வேண்டும். அடைக்குக் கல்லெறிவது விளையாட்டில்லை என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடசாலைக்குப் போகும் வழியிலுள்ள மரத்தில் அடை கட்டியிருந்தால், அதைப் பார்த்த பெரியவர் அன்றைக்கே தோட்டத்து உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும்.

வீதிக்கு வருவோம். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 பேர். பசறையில் மலையிலிருந்து உருண்ட பெரிய பாறை ஒன்று வீதியை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. எதிரே லொறி வந்தது. பஸ் ஓரத்துக்கு ஒதுங்கியது. ஓரம் தாங்கவில்லை. அன்று ஊரில் பேச்செல்லாம் சாரதியைப் பற்றியே இருந்தது.

வில்லியம் ஹெடன் என்ற அமெரிக்க மருத்துவர் இருந்திருந்தால் வேறுவிதமாகக் கேட்டிருப்பார். 1966இல் தன் நாட்டின் வீதிப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக வந்தவர் அவர். ஒரு விபத்தை எடுத்தால் முன், நடக்கும் கணம், பின் என்று மூன்றாகப் பிரிப்பார். ஒவ்வொன்றிலும் மனிதர், வண்டி, சூழல் என்று தனித்தனியே கேள்வி போடுவார். அந்தப் பாறை ஏன் அங்கே கிடந்தது? ஓரத்தில் பஸ்ஸைத் தாங்கும் தடுப்பு ஏன் இல்லை? விழும்போது ஆட்கள் இருக்கையோடு ஏன் இருக்கவில்லை? கீழேயிருந்து தூக்கிவர எவ்வளவு நேரம் ஆனது? ஒன்பது கட்டங்களில் சாரதி ஒரு கட்டம். மற்ற எட்டிலும் வேலை இருக்கிறது. மாணவரின் வீதி விபத்துக்கும் இதே கட்டங்கள் பொருந்தும். பின்னால் தொற்றிக்கொண்டு வரும் தம்பிக்குத் தலைக்கவசம் இருக்கிறதா என்பது ஒரு கட்டம். மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறக்குறைய 40 வீதமும் தலைக்காய ஆபத்தை 70 வீதம் வரையும் குறைக்கிறது. முன்னால் ஓட்டும் அண்ணன் போட்டிருக்கிறான், பொலிஸுக்காக. பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இல்லை.

கட்டங்களில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கையிலேயே, சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்கால் எரிந்து வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார். மின்சாரம் இல்லாத வீடுகளில் ஒல்லியான போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. தட்டினால் சாயும், உருளும், எண்ணெய் கொட்டும், தீ பிடிக்கும். ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. மார்மைட் போத்தலின் குட்டையான உருவத்தைப் பார்த்து, கனமான கண்ணாடியில், உருளாதபடி பக்கம் தட்டையாக, திருகுமூடியோடு ஒரு விளக்கை வடிவமைத்தார். மலிவாகச் செய்வித்து இலட்சக்கணக்கில் பரப்பினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மனிதரின் கவனக்குறைவை அவர் மாற்றவில்லை. விளக்கை மாற்றினார்.

அடிபட்ட பிறகு நடப்பதும் காயத்தின் ஒரு பகுதிதான். தாய் ஒருநாள் வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதோடு முச்சக்கரவண்டிக் கூலியும் போகும். வைத்தியம் இலவசம், வைத்தியத்துக்குப் போவது இலவசமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசின்றி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய சேவை அது. ஆனால் லயத்து வாசல் வரை பாதை இருந்தால்தானே? கம்பளியில் கிடத்தித் தார்ரோட்டுக்குத் தூக்கிவர வேண்டிய டிவிசன்கள் இன்றும் உண்டு. அதனால் பலர் முறிவு வைத்தியரிடம் போய்க் கட்டுகிறார்கள். கைராசியுள்ளவர்கள் அவர்களில் உண்டு. ஆயினும் பதின்வயது எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. முறிவு அதன் வழியே போனால், படம் எடுத்துப் பாராமல் தெரியாது. சரியாகப் பொருந்தாவிட்டால் கை கோணலாக வளரும். கட்டுப் போட்ட பின் விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, விரலை நீட்டினால் வலி தாங்காவிட்டாலோ கட்டை உடனே தளர்த்தி அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள். விடியும்வரை காத்திருந்தால் கையையே இழக்க நேரலாம்.

இடம் தெரிந்திருந்தும் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊவா பார்த்துவிட்டது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை லயங்களை மூடியது. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்ததால் உயிர்பிழைத்த பிள்ளைகள் பலர், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. பெரிய மலைக்கு எச்சரிக்கை எழுத ஒரு நிறுவனமாவது இருந்தது. பாடசாலைப் படிக்கு அதை யார் எழுதுவது?

பாடசாலைகளே எழுதலாம். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு 80 பக்கக் கொப்பி வையுங்கள். காயத்தோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தது, காலையில் சாப்பிட்டதா. பெயர் வேண்டாம். தவறு யாருடையது என்ற விசாரணையும் வேண்டாம். ஒரு தவணை முடிவில் பார்த்தால் மூன்று நான்கு இடங்கள் தாமாகவே மேலே வரும் என்பது என் நம்பிக்கை: அந்த வளைவு, அந்தப் படி, இரண்டாம் இடைவேளைக்குப் பிந்திய அந்த நேரம். 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியும் வரும் நாளில் அந்தக் கொப்பியை அவர்கள் முன் விரித்து வையுங்கள். தோட்டத்து நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதும்போது அதிலிருந்து பக்கத்தைப் பிரதியெடுத்து இணையுங்கள். கைப்பிடிக் கம்பி கேட்கிற கடிதத்துக்கும், ‘இந்தப் படியில் இந்தத் தவணை இத்தனை பிள்ளைகள் விழுந்தார்கள், கைப்பிடி வேண்டும்’ என்கிற கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

ஊவாவில் பெருமழை ஒக்டோபரில் பிடிக்கிறது. பாசியும் அப்போதுதான் ஏறும். அதிபர்களே, ஆசிரியர்களே, கொப்பியை அதற்கு முன் தொடங்குங்கள்.